எல்லாத்தையும் மாத்தித் தாங்க

ஜூலை 4, வெள்ளி

கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து வாசல் முழுக்க மணல். கொடியில் போட்ட பெட்ஷீட் வேலி தாண்டிப் போய் ஒரு கழுதையின் முதுகில் கிடந்தது. துரத்திப் பிடித்து, மறுபடி கழுவி, மறுபடி போட்டேன். மறுபடி காற்று.

செய்ய வேண்டியது: மாமிக்குப் பிரஷர் குளிசை. காஸ். பின்கதவுக் கொண்டி. கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர்தான் தலையிடி. வெள்ளிக்கிழமை எனக்குப் பாமசி அரைநாள், கட்டாரில் ரிஸ்வானுக்கு லீவு. அஸர் தொழுத பிறகு இரண்டு பேரும் விளையாட்டுக்குள் போவோம். கிழமையில் அந்த ஒரு பின்னேரம்தான் நானும் என் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் இருப்பது. களப்போரம் நாங்களே கட்டிய வீடு. கல் சுவர், நீல ஜன்னல், காரணமில்லாமல் கூரையில் ஏறி நிற்கும் கோழிகள். நிஜத்தில் குறிஞ்சிப்பிட்டிக் காணியில் அத்திவாரத்தோடு நிற்கிறது. இதில் மட்டும் மேல்மாடி.

இன்று திறந்தால் உள்ளே விடவில்லை. விளையாட்டு புதுசாக மாறிவிட்டதாம், என் கிராபிக்ஸ் காட் அதற்குக் காணாதாம். ஒரு பெட்டி வந்து மரியாதையாகச் சொன்னது. 'சரி' என்று அமத்தினேன். மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன். மறுபடி அதே மரியாதை.

ரி.க்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"பரவால்ல, விடு."

"விடுறதா? அப்ப வெள்ளிக்கிழமைக்கு?"

"நீ கொஞ்சம் றெஸ்ட் எடன், நஸ்லி."

றெஸ்ட்! நான் கேட்டேனா? கொஞ்ச நாளாகவே இந்தக் குரல்தான். கோபமும் இல்லை, கவலையும் இல்லை, உப்பில்லாத கஞ்சி. என்ன பிழை விட்டேன் என்று விளங்கவில்லை.

பிறகு சொன்னார், கம்பனி இன்னும் இரண்டு வருஷம் நிற்கச் சொல்கிறதாம். 20ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வைக்க வேண்டுமாம். "நீ என்ன சொல்ற?"

"உங்கட விருப்பம்."

"ம். சரி."

எது சரி? நான் ஏன் அப்படிச் சொன்னேன்? வந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது இது.

ஜூலை 5, சனி

காற்று குறையவில்லை. மெஷினின் பக்கப் பலகையைக் கழற்றினேன். உள்ளே பூனை படுத்து எழும்பிப் போன மாதிரி தூசு. பழைய கிராபிக்ஸ் காட்டின் ஓரமெல்லாம் பச்சை பிடித்திருக்கிறது. கடல் காற்று ஒன்றையும் விடாது, ஜன்னல் கம்பியைத் தின்றது, மாமியின் தையல் மெஷினைத் தின்றது, இப்போது இது.

ரி. போவதற்கு முன் தன் கையால் பூட்டித் தந்த மெஷின். ஒவ்வொரு ஆணியையும் எனக்குக் காட்டிக் காட்டிப் பூட்டினார். பேச்சு வராத ஆள், ஆணி முறுக்கித்தான் அன்பு காட்டுவார். பெண் கேட்டு வருவதற்கு முன்பும் அப்படித்தான், பாமசிக் கம்ப்யூட்டரில் பழுதே இல்லாதபோது திருத்த வந்துகொண்டிருந்தார்.

அதனால்தான் நான் ஒரு பொய்யை இழுத்துக்கொண்டு திரிகிறேன். என் திரையில் தூரத்தில் ஒன்றும் தெரியாது. பழைய காட்டுக்குச் சக்தி இல்லை, கிட்ட இருப்பதை மட்டும்தான் படமாகக் கீறும். ஜன்னலுக்கு வெளியே களப்புத் தண்ணீர், அதற்கப்பால் பனிமூட்டம் மாதிரி வெள்ளைப் புகார். தோணியில் ஏறினால் படம் உறைந்துவிடும், ஆகவே நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. ரி. போவார். பெருநாளுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் போய் எதையோ கட்டினார். வந்து கேட்பார், "இப்ப ஜன்னலால பாரு. தெரியுதா?"

"ஓம், தெரியுது."

"எப்பிடி?"

"வடிவா இரிக்கு."

அவர் பூட்டிய மெஷினைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வழக்கமாக அவர் கட்டுவது கோபுரம்தானே, கோபுரம் வடிவாகத்தானே இருக்கும். கடைசியாக ஒரு நாள், "முடிஞ்சிட்டு. அப்ப என்ன சொல்ற?" என்றார். "என்னத்த சொல்ற, வடிவா இரிக்கு எண்டுதான்," என்றேன். பிறகு கோழிக்குத் தீன் போடப் போய்விட்டார்.

உப்பில்லாத குரல் அதற்குப் பிறகுதான் தொடங்கியதோ? இப்போது எழுதும்போதுதான் தலைக்குள் ஓடுகிறது. கோபுரத்தைப் போதிய அளவு புகழவில்லை என்று ஒரு மனுஷனுக்குக் கோபம் வருமா? வந்தாலும் வரும், ஆம்பிளைகள்.

முடிவு: புது காட் போடுவது. ரி.க்குச் சொல்லாமல். 18 வெள்ளிக்கிழமை அவர் விளையாட்டுக்குள் வரும்போது வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும், நான் அந்தக் கோபுரத்தை உண்மையாகவே பார்த்துவிட்டுப் புகழ வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றக் கதை.

ஜூலை 7, திங்கள்

பாமசியில் சனம். இருமல், இருமல், மணல் விழுந்த கண். இடைவேளையில் புத்தளம் டவுன் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் எடுத்தேன். கேள்வியெல்லாம் அவர்கள்தான் கேட்டார்கள்:

"காட் போடுற எண்டா பவர் எத்தின?"

"என்ன பவர்?"

"போட்ல இடம் இரிக்கா? கேஸ் பெரிசா? பழைய டிஸ்க் சுத்துறதா, சுத்தாததா?"

எதற்கும் பதில் தெரியவில்லை. டொக்டர்மார் கிறுக்கும் துண்டையெல்லாம் ஒரே பார்வையில் வாசிக்கிற எனக்கு இந்தப் பாஷை ஓடவில்லை. மெஷினைக் கொண்டே வாங்க என்றார்கள்.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு மதினி படலையில் நின்று கேட்கிறார், "யாருக்குப் புள்ள கலியாணம்? எங்களுக்குச் சொல்லவே இல்ல!" மாமி செய்த வேலை. நேற்று வீட்டில் போனில் ஒரு கூட்டாளிக்கு நான் "காட்டுக்குச் சொல்லணும், நல்ல காட்டாப் பார்க்கணும்" என்றதைக் கேட்டுவிட்டு ஊர் முழுக்கக் கலியாணக் காட் அடிக்கிறோம் என்று பரப்பிவிட்டார். விளங்கப்படுத்தினேன். மாமி யோசித்துவிட்டு, "அப்ப வலிமாச் சாப்பாடு இல்லையா?" என்றார். கொஞ்சம் கவலை அவருக்கு.

ஜூலை 9, புதன்

லீவு போட்டேன். மெஷினைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில். கண்டக்டர், "புள்ளைக்கு எத்தின மாசம்?" என்றான். பாலாவி வரைக்கும் பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

கடை சின்னது. முதலாளி ஒரு ஹாஜியார், பள்ளிக்குப் போய்விட்டார். வேலை செய்பவர் சமன், சிலாபத்துப் பக்கம், தமிழ் கொஞ்சம் தெரியும், என் சிங்களம் அதைவிடக் கொஞ்சம். நல்ல மனுஷன். காட்டை எடுத்து வந்து காட்டினார். அம்மாடி, பாண் றாத்தல் அளவு, மூன்று காற்றாடி. உள்ளே வைத்துப் பார்த்தால் போகவில்லை. முன்பக்கம் டிஸ்க் இருக்கும் கூட்டில் முட்டுகிறது.

"மிஸ், இந்தக் கூடு கழட்டணும். பழைய டிஸ்க் இருந்தா காட் போகாது. புது டிஸ்க் சின்னது, பிஸ்கட் மாதிரி, எங்கயும் ஒட்டலாம். வேகமும் கூட."

பழைய டிஸ்க்கில்தான் எங்கள் உலகமே இருக்கிறது. ரி. கட்டாரிலிருந்து என் மெஷினுக்குள்தான் வந்து போகிறார், வேறெங்கும் அதன் பிரதி இல்லை. அதனால் தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்:

"பழசுல இரிக்கிறதை எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தித் தாங்க."

"மாத்திறதா?"

"ஓம். எல்லாத்தையும் மாத்துங்க. ஒண்டும் மிச்சம் வைக்காதீங்க."

"சரி மிஸ், சரி. மாத்திறன்." சந்தோஷமாகத் தலையாட்டினார். எனக்கும் சந்தோஷம். விஷயம் தெரிந்தவள் மாதிரிக் கதைத்துவிட்டேன் என்று ஒரு நினைப்பு. வரும்போது மாமிக்கு மஸ்கட் அல்வா வாங்கினேன்.

ஜூலை 11, வெள்ளி

பாமசி மூடிய கையோடு போய் மெஷினை எடுத்து வந்தேன். பூட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் எழும்பிவிட்டது. உள்ளே காற்றாடிகளுக்கு நீல வெளிச்சம். மாமி வந்து பார்த்துவிட்டு மாஷா அல்லாஹ் சொல்லி ஊதினார்.

ஆனால் திரை வெறும் திரை. விளையாட்டு இல்லை. சரி, அதை மறுபடி இறக்கலாம். 'எங்கட வீடு' என்ற போல்டர் எங்கே? தேடினேன். பெயர் கொடுத்துத் தேடினேன். வெறும் வீட்டில் அலுமாரி தேடுகிற மாதிரி.

கடைக்கு எடுத்தேன். சமன்தான். பதற்றத்தில் சிங்களத்தில் கேட்டேன், மாறு கரன்ன என்றுதானே சொன்னேன் என்று.

"ஓவ் மிஸ், மாறு கரலா துன்னானே!" மாற்றித் தந்துவிட்டேனே என்கிறார். அவர் குரலிலும் குழப்பம். பழசை எடுத்துக்கொண்டு புதுசு தந்தாராம். அதனால்தானாம் பில்லில் கழித்திருந்தது. நான் அது ஏதோ ஹாஜியாரின் இரக்கம் என்று நினைத்துத் துஆ வேறு கேட்டுவிட்டு வந்தேன்.

மாத்து. மாறு. இரண்டு பாஷையிலும் ஒரே சொல், இரண்டிலும் ஒரே குழி. சட்டையை மாத்து என்றால் பழசைக் கழற்றுகிறோம். சோற்றைச் சட்டியிலிருந்து கோப்பைக்கு மாத்து என்றால் அதே சோறுதான் வருகிறது. நான் சோற்றைச் சொன்னேன், அவர் சட்டையைக் கேட்டார். யார் மேல் கோபப்படுவது? எனக்கு என் மேல்தான் வந்தது, கொஞ்சம் தமிழ் மேலும்.

"டிஸ்க் இப்ப எங்க?"

"வித்தாச்சு மிஸ்."

மஃரிப் வரைக்கும் குசினியில் இருந்து அழுதேன். மாமி எது காணாமல் போனது என்று கேட்டார். வீடு என்றேன். அத்திவாரத்தை யார் களவெடுப்பான் என்று யோசித்துக்கொண்டு போனார்.

ஜூலை 12, சனி

மறைக்க முடியவில்லை. ரி.க்குச் சொன்னேன். காட், டிஸ்க், மாத்து, எல்லாம். ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப அதெல்லாம் போயிட்டா?"

"போயிட்டு."

"அந்தக் கரைல இரிந்ததும்?"

"எல்லாம்."

பிறகு, "சரி. நல்லதாப் போச்சு."

நல்லதாம்! எது நல்லது? ஒவ்வொரு கல்லாக இரண்டு பேரும் வைத்தது. "உங்களுக்குக் கவலை இல்லையா?" என்று கத்திவிட்டேன். "அதான் நீ பார்த்திட்டியே," என்றார். "வேலைக்குப் போகணும், வைக்கவா?" வைத்துவிட்டார்.

பார்த்திட்டியே என்றால் என்ன? எனக்குத் தலை சுற்றுகிறது. அந்தக் கோபுரத்தில் என்னதான் இருந்தது?

சமனுக்கு மறுபடி எடுத்தேன். பாவம், அவரும் இரவு தூங்கவில்லையாம். முன்னேஸ்வரத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் படம் போட்டு வைக்க விற்றிருக்கிறார்கள். விற்கும்போது துடைத்தீர்களா என்றேன். நேரமில்லை, அப்படியே கொடுத்தேன் என்று மெதுவாகச் சொன்னார். என் வாழ்க்கையில் ஒருத்தரின் வேலைக்கள்ளத்துக்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்னது இன்றைக்குத்தான்.

ஜூலை 13, ஞாயிறு

மாமியும் வந்தார், தனியே விடமாட்டாராம். சிலாபம் பஸ், அங்கிருந்து ஆட்டோ. கோயில் வீதி முழுக்கப் பூ, தேங்காய், வெயில். ஸ்டூடியோவில் ஒரு அக்கா, நெற்றியில் திருநீறு, கையில் கெமரா. கோயிலுக்கு வருகிறவர்களைப் படம் எடுத்து அங்கேயே அடித்துக் கொடுக்கிறார்.

என் கதையைச் சொன்னேன். இந்த முறை 'மாத்து' என்ற சொல்லே வாயில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

"அட, அது உங்கடயா?" என்றார். "நிறையக் குப்பை கிடந்தது, அழிச்சிட்டன். ஒண்டு மட்டும் 'எங்கட வீடு' எண்டு பேர் போட்டுக் கிடந்தது. என்ன ஏதெண்டு தெரியாது. வீடு எண்டு இருக்கிறதை அழிக்க மனசு வரேல்ல."

அவர் கணக்கில் இரண்டு ஜீபி இடம். எனக்கு வேறு.

பென்டிரைவை நீட்டினேன்.

"இதுக்கு மாத்தி விடவா?"

"இல்ல, இல்ல! மாத்தாதீங்க! கொப்பி பண்ணுங்க!"

அக்கா பயந்துவிட்டார். பிறகு விளங்கிச் சிரித்தார். கொப்பி ஆகும் வரைக்கும் மாமியை இருத்திப் படம் ஒன்று எடுத்தார். மாமி சிரிக்கவே இல்லை, ஆனால் வரும் வழியெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அப்ப வரட்டா அக்கா?"

"ஓம், வாங்க, வாங்க."

ரி.க்கு இன்னும் சொல்லவில்லை. 'நல்லதாப் போச்சு' என்ற மனுஷனுக்கு என்னவென்று சொல்வது?

ஜூலை 15, செவ்வாய்

காற்று. விளையாட்டு இறங்குகிறது, நிற்கிறது, இறங்குகிறது. கூரையில் ரவுட்டரின் அன்டெனா ஆடும்போதெல்லாம் நின்றுவிடும். மாமி கூட்டுகிற தும்புத்தடியை முட்டுக் கொடுத்திருக்கிறார்.

குளிசை மறந்துவிட்டேன், நாளைக்கு. கொண்டியும்.

ரி. குரல் செய்தி மட்டும் அனுப்பினார்: "ஞாயிறு சைன் பண்ணுறன். நீ யோசிக்காத." நான் எதை யோசிக்கக் கூடாது? கேட்டு எழுதினேன், பழிபோட்ட மாதிரிப் போய்விடுமோ என்று அழித்துவிட்டேன். 'சரி' என்று மட்டும் அனுப்பினேன். அவரும் 'சரி.' இந்தச் 'சரி'யை நாட்டிலிருந்தே தடை செய்ய வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

இறங்கி முடிந்தது. போல்டரைப் போட்டேன். பட்டியலில் 'எங்கட வீடு' தெரிகிறது. திறக்கவில்லை. நாளைக்கு.

ரி.க்கு எழுதினேன்: நாளைக்கு அஸருக்குப் பிறகு உள்ளே வாங்க, கதவு திறந்திருக்கும். பார்த்துவிட்டார், நீலச் சரி விழுந்தது. பதில் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

காற்று இல்லை. இந்த மாசத்தில் முதல் தடவை.

அஸர் தொழுதுவிட்டு, அவர் வருவதற்கு முன் தனியே திறந்தேன். வீடு இருக்கிறது. கோழிகள் கூரையில். சுவருக்கு நிழல் விழுகிறது, இவ்வளவு காலமும் எங்கள் வீட்டுக்கு நிழல் இருந்ததே எனக்குத் தெரியாது. தண்ணீருக்குள் மீன். நீல ஜன்னலடியில் போய் நின்றேன்.

புகார் இல்லை. களப்பின் அந்தக் கரை அப்படியே தெரிகிறது. கோபுரம் இல்லை. எழுத்து. தென்னை உயரத்தில், விளக்குக் கல்லால் கட்டிய எழுத்து, தண்ணீரில் தலைகீழாகவும் விழுந்து:

வரட்டா

கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தேன்.

பெருநாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அவர் இதைத்தான் கட்டியிருக்கிறார். தெரியுதா என்று கேட்டார். தெரியுது என்றேன். என்ன சொல்ற என்று கேட்டார். வடிவா இரிக்கு என்றேன். யா அல்லாஹ். ஒரு மனுஷன் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்க, பெண்சாதி எழுத்து வடிவாக இருக்கிறது என்றிருக்கிறாள். 'நல்லதாப் போச்சு' என்றதும் அதற்குத்தான், தன் கேள்வி தொலைந்தது நல்லது என்று.

பிறகு மறுபடி பார்த்தேன். கேள்விக்குறி இல்லையே. இந்த ஊரில் யார் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் படலை தாண்டுகிறார்கள்? போகிறவர் சொல்வதும் வரட்டாதான். எயார்போட்டில் கடைசியாக அவர் சொன்னதும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் நான் சொன்னதும். வரட்டுமா என்று கேட்கிறாரா, போய்வருகிறேன் என்று விடைபெறுகிறாரா? டொக்டர் எழுத்து வாசிக்கிறவளுக்குத் தென்னை உயர எழுத்து விளங்கவில்லை.

மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். "வ... ர... ட்... டா. யார் எழுதின?"

"உங்கட மகன்."

"எங்க போகப் போறானாம்?"

அழுகை வந்துவிட்டது. மாமி என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் மெதுவாக, "இல்லாட்டி வாறானா?" என்றார். அவர் என் தலையைத் தடவிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மகனுடைய அறையைக் கூட்டப் போய்விட்டார்.

கேள்வி எதுவானாலும் பதில் ஒன்றுதானே. இந்தக் கரையில் கட்டத் தொடங்கினேன். 'வாங்க' என்று. பாதியில் கை நின்றது. போகிறவருக்கும் 'வாங்க' என்றுதான் சொல்கிறோம். உடைத்தேன். 'இஞ்ச வாங்க' என்றால் பிழையாக விளங்க வழி இல்லை. 'இ' ஒரு மாதிரி வந்துவிட்டது. அந்தச் சுழியைக் கட்டுவதற்குள் கோழி வேறு குறுக்கே வருகிறது. அடுத்தது 'ஞ்'. அதை எப்படிக் கல்லால் கட்டுவது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் கீறிப் பார்த்தேன். காகிதத்திலேயே வரவில்லை.

திரையின் மூலையில் பெயர் விழுந்திருக்கிறது. ரி. உள்ளே வந்துவிட்டார். வீடு இருப்பதைப் பார்த்து முற்றத்தில் அசையாமல் நிற்கிறார். இப்போது அரைகுறை 'இ'யிடம் போய் அதைச் சுற்றி நடக்கிறார்.

எழுத்தை நம்பிப் பட்டது போதும். மாமி ஹெட்செட்டை எங்கே எடுத்து வைத்தாரோ. முதலில் அந்தக் கரை எனக்கு ஒருநாளும் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும், பிறகு மற்றது, வாயால்,